ஊரில் இல்லாத இளைஞர்கள்: தருமபுரி மாவட்டக் கணக்கெடுப்புகளின் விடுபடல்

தருமபுரி மாவட்டத்தில் இளைஞர் நலத் திட்டம் ஒன்றை மதிப்பிட வரும் களப்பணியாளர், காலை பத்து மணிக்குப் பென்னாகரம் பக்கம் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் அநேகமாக வெளியே வருபவர் அம்மாவாக இருப்பார், இல்லாவிட்டால் பாட்டி. பையன் எங்கே என்று கேட்டால் "பெங்களூர்ல இருக்கான்" என்பார். என்ன வேலை? "கட்டட வேலைன்னு சொன்னான்." சம்பளம்? "கையில கிடைக்கறப்ப அனுப்புவான்." திறன் பயிற்சி எதற்காவது போனாரா என்ற கேள்விக்கு அம்மாவிடம் பதில் இருக்காது. டேப்லெட்டில் 'தெரியாது' என்று பதிந்தால் மேற்பார்வையாளர் திருப்பி அனுப்புவார் என்று பயந்து, 'இல்லை' என்று பதிந்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்வதும் உண்டு.

இப்படிச் சேரும் தரவின் மேல்தான் திட்டங்கள் வென்றனவா தோற்றனவா என்ற தீர்ப்பு எழுதப்படுகிறது. எத்தனை பேரிடம் கேட்டோம் என்பதில் ஆய்வாளர்கள் காட்டும் அக்கறையில் பாதியையாவது, யாருடைய பட்டியலை வைத்துக்கொண்டு புறப்பட்டோம் என்பதில் காட்டியிருந்தால் இந்த மாவட்டத்தின் இளைஞர் நிலை வேறு மாதிரி தெரிந்திருக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சேலத்திலிருந்து 1965இல் பிரிந்து, 2004இல் கிருஷ்ணகிரியைத் தனி மாவட்டமாக விட்டுக்கொடுத்த பகுதி இது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 15,06,843. எழுத்தறிவு 68.5 விழுக்காடு, மாநில அளவு 80.1 ஆக இருந்தபோது தமிழ்நாட்டிலேயே கடைசி இடம். நகரவாசிகள் ஆறில் ஒருவர்தான். மானாவாரி நிலமும் ஆழ்துளைக் கிணறும் கைவிடும்போது பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என்று பிள்ளைகள் பஸ் ஏறுவது இங்கே பல தலைமுறைப் பழக்கம்.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் வரையறைப்படி குடும்பம் என்பது வழக்கமாக ஒன்றாக வாழ்ந்து ஒரே அடுப்பில் சாப்பிடுபவர்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக வெளியே போனவர் கணக்கில் வருவார். அதைத் தாண்டியவர் வரமாட்டார். நாடு முழுவதையும் கணக்கிட இது சரியான விதி. இல்லாவிட்டால் ஒரே ஆளை இரண்டு ஊரில் எண்ண வேண்டிவரும். ஆனால் ஒரு மாவட்டத்தில் செலவிட்ட பணம் என்ன பலன் தந்தது என்று கேட்கும் ஆய்வுக்கு இதே விதி குழி பறிக்கிறது. பாலக்கோட்டில் தையல் பயிற்சி பெற்றவர் திருப்பூர் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் அவர் திருப்பூர்க்காரர். பயிற்சி பலித்ததால் போனவர், பயிற்சி கிடைத்த மாவட்டத்தின் கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறார். 2017 முதல் நடந்துவரும் தொழிலாளர் கணக்கெடுப்பு, மாவட்டங்களையே அடிப்படை அடுக்குகளாகக் கொண்டு 2025 ஜனவரியில் மாற்றியமைக்கப்பட்டது வரவேற்க வேண்டியதே. ஆனால் மாவட்டத்தின் எண் கிடைப்பதும் மாவட்டத்துப் பிள்ளைகளின் கதி தெரிவதும் ஒன்றாகிவிடாது.

பயனாளிப் பட்டியலிலிருந்து மாதிரி எடுப்பது இதைவிடப் பெரிய கோளாறு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகள் உயர்கல்வியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. கல்லூரி வாசலில் நின்று கேட்டால், பணம் உதவுகிறதா என்ற கேள்விக்கு யார் இல்லை என்பார்கள்? பத்தாம் வகுப்போடு நின்று கல்யாணம் ஆகிப்போன பெண் அந்த வாசலில் இல்லை. திட்டம் யாரைப் படிப்பை விடாமல் தடுத்திருக்க வேண்டுமோ அவர் கேள்வித்தாளுக்கு வெளியே நிற்கிறார்.

படித்த வேலையற்றோர் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. இதைப் பெற வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். பெங்களூருவில் ஒரு நாள் சித்தாள் கூலியோடு ஒப்பிட்டால் அந்த 200 ரூபாய்க்காக யார் ஊரில் தங்குவார்கள்? கடைசியில் விண்ணப்பம் போடுபவர்கள், ஏதோ காரணத்தால் போக முடியாமல் ஊரில் நின்றவர்கள். அவர்களிடம் மட்டும் கேட்டு எழுதும் அறிக்கை, தங்கியவர்களைப் பற்றிய அறிக்கையே.

கேட்கும் ஆள் யார் என்பதும் பதிலை மாற்றும். மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாமை அப்போதைய முதல்வர் 2023 ஜூலை 24 அன்று தொடங்கிவைத்தது இதே மாவட்டத்துத் தொப்பூரில்தான். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நிலம், கார், மின்சார யூனிட் எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. இளைஞர் ஆய்வின் கேள்வித்தாளும் குடும்பப் பொருளாதாரம் என்ற தலைப்பில் அதையேதான் கேட்கிறது. ரேஷன் அட்டை எண்ணை முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு பிறகு மகன் அனுப்பும் தொகையைக் கேட்டால், மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை பறிபோகுமோ என்று கணக்குப் போடும் தாயைக் குறை சொல்ல முடியுமா?

அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்கு இந்தத் தயக்கம் வேறு விதமாகப் பழக்கம். 1992 ஜூன் 20 அன்று அங்கே நுழைந்தவர்கள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறை ஊழியர்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் 2011இல் தருமபுரி நீதிமன்றம் தண்டித்தது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்தப் பகுதியில் கழுத்தில் அடையாள அட்டையோடு வீடு வீடாகப் பெயர் எழுதுபவரை மக்கள் உற்றுப் பார்த்தால், அதை 'ஒத்துழைப்பின்மை' என்று குறித்துக்கொள்வது அறியாமை.

எண்களைப் பற்றியும் ஒரு சொல். மாவட்டம் முழுக்க 400 பேரிடம் கேட்டால் பிழை வரம்பு ஏறத்தாழ 5 புள்ளிகள். அதையே ஏழு வட்டங்களுக்குப் பிரித்தால் வட்டத்துக்கு 57 பேர். பிழை 13 புள்ளிகளாகிவிடும். அப்படியும் வட்டவாரி அட்டவணைகள் தசமப் புள்ளியோடு அச்சாகின்றன. இதிலும் 2011க்குப் பிறகு பிறந்தவை நல்லம்பள்ளி, காரிமங்கலம் வட்டங்கள். பழைய பட்டியலில் அவை இல்லை.

மாற்று வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பள்ளியிலிருந்து தொடங்க வேண்டும். அரசுப் பள்ளியின் ஐந்தாறு ஆண்டுக்கு முந்தைய பத்தாம் வகுப்புப் பதிவேட்டில் படித்தவர், தவறியவர், ஊரைவிட்டுப் போனவர் எல்லாரும் இருக்கிறார்கள். அதிலிருந்து மாதிரி எடுத்து ஒவ்வொருவரையும் எங்கிருந்தாலும் தேடிப் பிடிப்பது சிரமமான வேலைதான், ஆனால் நடக்கக்கூடியது. 2002 முதல் ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 3,000 பிள்ளைகளைத் தொடர்ந்த 'யங் லைவ்ஸ்' ஆய்வு, ஊர் மாறியவர்களையும் தேடிப் பேசியது. 2020இல் தொலைபேசியிலேயே கேள்விகளை முடித்தது. பிளஸ் டூ முடித்தும் கல்லூரியில் சேராதவர்களைப் பள்ளிப் பதிவு எண்ணைக் கொண்டு தேடி அழைக்கும் 'உயர்வுக்குப் படி' முகாம்களை மாநில அரசின் 'நான் முதல்வன்' திட்டமே நடத்துகிறது. சேர்க்கைக்குப் பயன்படும் அந்தப் பட்டியல் மதிப்பீட்டுக்கு ஏன் பயன்படக் கூடாது?

பெங்களூருவில் இருக்கும் பையனிடம் ஞாயிற்றுக்கிழமை மாலை போனில் பேசலாம்; பொங்கலுக்கோ ஆடிப்பெருக்குக்கோ ஊர் வரும்போது நேரில் பார்க்கலாம். பெண்களிடம் போன் எடுபடாது. அண்ணனோ கணவனோ எடுப்பார், பக்கத்திலேயே நிற்பார். அங்கே பெண் களப்பணியாளர் நேரில் போக வேண்டும். பதினெட்டுக்கு முன் கல்யாணம் நடந்த வீட்டில் வயதை நேராகக் கேட்டால் இருபது என்றுதான் பதில் வரும். எந்த ஆண்டு பத்தாவது எழுதினார் என்று கேட்பது மேல். தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள ஊர்களுக்கு அம்மொழி தெரிந்தவர் போவது நல்லது.

திட்டத்தை நடத்தும் துறையே கேட்கக் கூடாது என்பதையும் விதியாக்கலாம். 2008ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம், அதன்கீழ் பெறும் தனிநபர் விவரத்தைப் புள்ளிவிவரத் தேவைக்கு மட்டுமே பயன்படுத்தச் சொல்கிறது. இதை வாசலிலேயே, ரேஷன் அட்டையைக் கேட்காமல், சொல்ல வேண்டும்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. புதிய பட்டியல் கைக்கு வந்ததும் மாவட்டங்கள்தோறும் ஆய்வுகள் குவியும். அதற்கு முன்பே மாநிலத் திட்டக் குழு தருமபுரியில் ஒரு வட்டத்தை, பென்னாகரமோ அரூரோ, எடுத்துக்கொண்டு பள்ளிப் பதிவேட்டிலிருந்து ஒரு சோதனை ஆய்வை நடத்திவிட வேண்டும்.