சட்டமியற்றலில் மருத்துவர்களின் பங்கேற்பு

மருத்துவத் தொழிலையும் நோயாளிகளின் நலனையும் தொடும் சட்டங்கள் உருவாகும்போதும் திருத்தப்படும்போதும், மருத்துவர்கள் தனியாகவோ சங்கங்களின் வழியாகவோ தங்கள் துறையறிவை அரசுக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும் எடுத்துரைத்து, அச்சட்டங்கள் செம்மையாக அமைய முயல்வது சட்டமியற்றலில் அவர்களது பங்கேற்பு எனப்படும். இந்தியாவில் இப்பணியில் முன்னிற்கும் அமைப்பு, 1928இல் தோன்றிய இந்திய மருத்துவச் சங்கமாகும். அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்குத் தனிச் சங்கங்களும் உள்ளன.

அணுக வேண்டிய அவை

எந்தக் கோரிக்கையை எந்த அவையிடம் வைப்பது என்பது அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையைப் பொறுத்தது. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. மருத்துவக் கல்வியும் மருத்துவத் தொழிலும், ஒன்றியமும் மாநிலங்களும் சட்டமியற்றக்கூடிய பொதுப் பட்டியலில் உள்ளன. எடுத்துக்காட்டாக, மருத்துவப் பணியாளர்களையும் மருத்துவமனைகளையும் வன்முறையிலிருந்து காக்கத் தமிழ்நாடு 2008இல் தனிச் சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையையொட்டி ஒன்றிய அரசு 2019இல் ஒரு வரைவை வெளியிட்டபோதும் அது நாடாளுமன்றத்துக்கு வரவில்லை. ஆயினும் கொரோனா காலத்தில் மருத்துவர்கள் தாக்கப்பட்டதைக் கண்டித்து இந்திய மருத்துவச் சங்கம் போராட்டம் அறிவித்த நிலையில், 2020 ஏப்ரல் 22 அன்று பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம், தொற்றுநோய்க் காலத்தில் அவர்கள்மீது நிகழும் தாக்குதலைப் பிணையில் விட முடியாத குற்றமாக்கியது.

பங்கேற்பின் கட்டங்கள்

முதற்கட்டம் வரைவு நிலையாகும். சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் 2014ஆம் ஆண்டுக் கொள்கை கூறுவதால், வாசகம் இறுகுவதற்கு முன்பே கருத்துரைக்க வாய்ப்புண்டு. அடுத்தது நிலைக்குழுக் கட்டம். நிலைக்குழு என்பது மசோதாவை விரிவாக ஆராயும் நாடாளுமன்ற உறுப்பினர் குழு. சுகாதாரத்துக்கான குழுவில் மக்களவையினர் 21 பேரும் மாநிலங்களவையினர் 10 பேரும் இடம்பெறுவர். இக்குழுவிடம் எழுத்துவழி மனு அளிக்கலாம். அழைக்கப்பட்டால் நேரில் சாட்சியமும் கூறலாம். பிரிவின் எண், அதிலுள்ள சிக்கலான சொற்றொடர், அதனால் நோயாளிக்கு நேரும் விளைவு, அதற்கு மாற்றாக அமைய வேண்டிய வாசகம் ஆகிய நான்கையும் தாங்கிய மனுவே, பொதுவான கண்டனத் தீர்மானத்தைவிடப் பயன் தருவது. மசோதா அவைக்கு வந்தபின் உறுப்பினர்கள் வழியே திருத்தம் கோரலாம். சட்டம் நிறைவேறியபின் அதன்கீழ் வகுக்கப்படும் விதிகளின் வரைவுகளுக்கும் கருத்துரைப்பது இன்றியமையாதது; ஏனெனில் அன்றாட மருத்துவப் பணியை நேரடியாகத் தொடுபவை பெரும்பாலும் இவ்விதிகளே.

தேசிய மருத்துவ ஆணைய மசோதா

இக்கட்டங்கள் பலவற்றையும் ஒருசேரக் காட்டுவது, மருத்துவக் கல்வியையும் தொழிலையும் ஒழுங்குபடுத்தும் ஆணையத்தை அமைப்பதற்கான தேசிய மருத்துவ ஆணைய மசோதாவின் வரலாறு. 2017 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான மசோதா, ஆயுர்வேதம், சித்தா, ஓமியோபதி போன்ற ஆயுஷ் முறை மருத்துவர்கள் ஓர் இணைப்புப் படிப்பை முடித்து நவீன மருந்துகளில் சிலவற்றைப் பரிந்துரைக்க வழிவகுத்தது. இதை எதிர்த்து மருத்துவர்கள் 2018 ஜனவரி 2 அன்று நாடு தழுவிய போராட்டம் நடத்தினர். அதையடுத்து மசோதா நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. குழு மார்ச் மாதத்தில் அறிக்கை அளித்தபின், அமைச்சரவை இணைப்புப் படிப்புக்கான பிரிவை நீக்கியது. மக்களவையின் பதவிக்காலம் முடிந்ததால் காலாவதியான மசோதா, 2019இல் புதிய வடிவில் வந்து சட்டமானது. சமூகச் சுகாதாரப் பணியாளருக்கு வரையறுக்கப்பட்ட உரிமம் தரும் 32ஆம் பிரிவு, மருத்துவர்களின் எதிர்ப்பையும் மீறி அதில் நிலைத்தது. கிராமங்களில் மருத்துவர் பற்றாக்குறை என்ற அரசின் வாதத்துக்கு, எதிர்ப்போடு நில்லாமல் மாற்றுத் திட்டமும் முன்வைப்பது எவ்வளவு தேவை என்பதை இது உணர்த்துகிறது.

வரம்புகளும் அறமும்

அரசு மருத்துவர்கள் நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர்கள். கட்சி அரசியலில் ஈடுபட இயலாத அவர்கள், தங்கள் கோரிக்கைகளைச் சங்கங்களின் வழியாக முன்வைப்பதே வழக்கம். தனியார் மருத்துவர்களுக்குத் தேர்தலில் நிற்பதற்கும் தடையில்லை. மருத்துவர் ஒருவரே அவையில் அமரும்போது விளையும் நன்மைக்கு முத்துலட்சுமி ரெட்டி சான்றாவார். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராக விளங்கிய அவர் தேவதாசி முறைக்கு எதிராகத் தொடங்கிய முயற்சி 1947இல் சட்டமாக நிறைவேறியது. தொழில்நலனுக்கான கோரிக்கையும் நோயாளியின் நலனோடு பொருந்தும்போதுதான் மக்கள் மன்றத்தில் நிலைபெறுகிறது. ஆதலால் போராட்டக் காலத்திலும் அவசர சிகிச்சையைக் கைவிடாதிருப்பதும், தம் வருவாயோடு தொடர்புடைய கோரிக்கையில் அத்தொடர்பை மறைக்காதிருப்பதும் இப்பணியில் இறங்கும் மருத்துவரின் கடமைகளாகும்.