பெரிய கோயில் மரக்காலும் அலகு மாற்றமும்

எண் சரியாக இருந்தாலும் அலகு தப்பினால் விடை தப்பு. தஞ்சாவூரில் இது ஆயிரம் வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம்!

முதலாம் ராஜராஜன் 1010-ல் கட்டி முடித்த பெரிய கோயிலின் கல்வெட்டுகள், நெல் இத்தனை கலம் என்று மட்டும் சொல்வதில்லை. 'ஆடவல்லான்' என்ற மரக்காலால் அளந்தது, அது 'ராஜகேசரி' மரக்காலுக்குச் சமம் என்றும் சொல்கின்றன. 12 மரக்கால் ஒரு கலம். அன்று மரக்கால் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பெரிய மரக்காலில் அளந்தால் நெல் கொடுப்பவருக்கு நஷ்டம், சின்னதில் அளந்தால் கோயிலுக்கு நஷ்டம். பொன் நிறுக்கும் கல்லுக்கும் இப்படிப் பெயர் உண்டு.

வேகக் கணக்கும் இதேதான். நின்ற பஸ் 5 விநாடியில் மணிக்கு 36 கி.மீ. வேகம் எடுக்கிறது. அதாவது விநாடிக்கு 10 மீட்டர். முடுக்கம் 2 மீ/வி². மாற்றாமல் வகுத்தால் 7.2 வரும். அது எந்த மரக்கால்?