கட்டையும் கமகமும்

பாடுவோர் தம் சுருதியைக் குறிக்குமிடத்து, "ஒரு கட்டை", "நான்கரைக் கட்டை" என்று கூறுதல் தமிழர் வழக்கு. கொச்சியில் குடியேறி வாழும் நம் இல்லங்களிலும் பாட்டுப் பயிலும் பிள்ளைகள் இச்சொல்லை வழங்கக் கேட்கிறோம். அக்கட்டை யாது என வினவுவோர் சிலரே. அஃது ஆர்மோனியத்தின் கட்டையேயாம். வெண்ணிறக் கட்டைகளை ஒன்று, இரண்டு என எண்ணினர். இடையிலுள்ள கரிய கட்டைகளை 'அரை' எனச் சேர்த்துரைத்தனர். ஆக, மேனாட்டுப் பெட்டி ஒன்று நம் குரலுக்கே அளவுகோலாயிற்று.

அக்கட்டை வரிசை இன்று கணிப்பொறியோடு இணைந்து நம் வீடுகளில் புகுந்துள்ளது. அதில் நம் இசை உயிரோடு இருக்குமா என்னும் ஐயம் பெற்றோர் பலர்க்கு உண்டு. அதற்கு விடை காண வரலாற்றைச் சிறிது நோக்குதல் நன்று.

பிறநாட்டுக் கருவியை நம் இசை ஏற்றது புதிதன்று. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் வயலினை நம் இசைக்கு இசைவித்தார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அதனை மேலும் வளர்த்தார். நம்மைப் போன்றே தமிழகம் விட்டுச் சேரநாடு புகுந்தவர் அவர். சுவாதித் திருநாள் மகாராஜா 1834இல் அவருக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். வயலினில் விரல் வழுக்கி ஓடலாம். ஆதலின் கமகம் அதற்கு எளிதில் வாய்த்தது.

ஆர்மோனியத்தின் கதை வேறு. ஐரோப்பாவில் தோன்றிய அதனைக் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ், தரையில் அமர்ந்து வாசிக்கத்தக்க கைப்பெட்டியாக ஆக்கினார். தமிழ் நாடக மேடை அதனைத் தழுவிக்கொண்டது. இக்கொச்சி மண்ணிலோ, மெகபூப், உம்பாயி முதலியோரின் இரவுக் கச்சேரிகளில் அது நீங்காத் துணையாயிற்று. எனினும் 1940இல் அகில இந்திய வானொலி அதனை விலக்கி வைத்தது. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. தடை நிலவிய காலத்தும் வித்துவான்கள் தம் சுருதியைக் 'கட்டை' என்றே சொல்லி வந்தனர் என்பது நகைச்சுவை பொருந்திய உண்மை.

தடைக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆர்மோனியத்தில் ஒரு நிலைக்குப் பன்னிரண்டு ஒலிகளே உண்டு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதரோ 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'த்தில் இருபத்துநான்கு சுருதிகளை நாட்ட முயன்றார். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது அசைவது. அதனைத் தனியொரு கட்டையில் அடைக்கவியலாது. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. வீணையிலும் இருபத்துநான்கு மெட்டுக்கள் அசையாது பதிந்துள்ளன. அங்கே தந்தியை இழுத்துக் கமகம் பிறப்பிக்கிறோம். எனவே, நிலைத்த மெட்டு குற்றமன்று. இழுப்பதற்கு வழியின்மையே ஆர்மோனியத்தின் குறை.

அவ்வழி 1983இல் பரவலாகத் திறந்தது. வெவ்வேறு நிறுவனத்தார் செய்த மின்னிசைக் கருவிகள் தம்முள் உரையாட 'மிடி' என்னும் பொதுமொழி அவ்வாண்டு நடைமுறைக்கு வந்தது. 1999 அளவில் இசைக்கருவியையே கணிப்பொறி நிரலாக அமைக்கும் முறையும் பரவத் தொடங்கியது. இம்முறையில் கையால் இயக்கும் கட்டைப் பலகைக்குத் தனக்கென ஒலியில்லை. எக்கட்டை, எவ்வளவு விசையுடன் அழுத்தப்பட்டது என்பதை 0 முதல் 127 வரையுள்ள எண்களால் அது தெரிவிக்கும். கணிப்பொறி வீணையாகவோ குழலாகவோ ஒலிக்கும். பலகையின் இடப்பக்கத்தில் ஒரு சிறு சக்கரம் உண்டு. அதனை உருட்டினால் சுரம் ஏறும், இறங்கும். அதற்கு 16,384 படிகள் வகுக்கப்பட்டுள்ளன. வீணையின் தந்தியை இழுக்கும் விரலுக்கு ஈடாக நிற்பது இச்சக்கரமே.

ஒரே தடத்தில் ஒலிக்கும் சுரங்கள் அனைத்தையும் இச்சக்கரம் ஒருங்கே வளைத்துவிடும் என்பது மேனாட்டார் கண்ட குறை. பல சுரங்களை அடுக்கி ஒலிக்கும் அவர்தம் இசைக்கு அஃது இடர். ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைப் பாடும் நமக்கோ அவ்விடர் பெரிதன்று. வலக்கை கட்டையிலும் இடக்கை சக்கரத்திலும் ஓடக் கருநாடக இசைக் கச்சேரி நிகழ்த்த இயலும் என்பதைச் சென்னை 'கீபோர்டு' சத்யநாராயணன் காட்டியுள்ளார். கட்டைகளே இன்றி விரல் வழுக்கி ஓடும் 'கண்டினுவம்' என்னும் கருவியை அமெரிக்க நாட்டு லிப்போல்டு ஹேக்கன் அமைத்தார். 2009இல் வெளிவந்த 'டெல்லி-6' படப்பாடலில் ஏ. ஆர். ரஹ்மான் அதனைக் கையாண்டார். 2018இல் விரலுக்கு விரல் தனித்தனியே சுரத்தை வளைக்கும் முறை மிடியின் விதிகளிலும் இடம்பெற்றது.

எனவே, கருவி தன் குறையைப் பெரிதும் களைந்துவிட்டது. எஞ்சியிருப்பது நம் கடமை. பதினாறாயிரம் படிகளுள் தோடியின் காந்தாரம் எங்கெங்கே உலவும் என்பதைச் சக்கரம் அறியாது. அதனைச் செவியே அறியும். அச்செவி வாய்ப்பாட்டினால் விளைவது. பிள்ளைக்குக் கட்டைப் பலகை வாங்கித் தரும் பெற்றோர், சரளி வரிசையையும் வர்ணத்தையும் முதலில் வாயாரப் பாடப் பயிற்றுவாராக. பாடத் தெரிந்த பிள்ளையின் கையில் எந்நாட்டுக் கருவியும் தமிழ் பேசும். அயல்மண்ணில் வாழும் நமக்கு இதனினும் அணுக்கமான பாடம் பிறிதில்லை.