மாதோட்டத்து அங்காடியும் நிழற்படச் சான்றும்

பண்டைத் தமிழ் நகரங்களைப் பாட வந்த புலவர்கள் அரண்மனையையும் கோயிலையும் பாடியதோடு அமையவில்லை, அங்காடியையும் பாடினர். மதுரைக்காஞ்சி பகற்கடைகளாகிய நாளங்காடியையும் இராக்கடைகளாகிய அல்லங்காடியையும் விரித்துரைக்கின்றது. சிலப்பதிகாரம் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்திலே கூலம் விற்போர், மீன் விற்போர், நெய்வோர், பொற்கொல்லர் எனப் பல தொழிலாளரை நிரல்படக் காட்டுகின்றது. இவற்றைப் பாடமாகப் படிக்கும் வன்னி மாணவர், இத்தகைய அங்காடிகள் யாவும் கடலுக்கு அப்பாலேதான் இருந்தன என்று கருதிவிடுதல் இயல்பு. அது பொருந்தாது. வவுனியாவிலிருந்து மேற்கே சில மணி நேரத்திற்குள் சென்று சேரத்தக்க தொலைவில், ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாணிகம் நடந்த பெருநகரொன்று மண்மேடாகக் கிடக்கின்றது. அதுவே மாந்தை எனவும் மாதோட்டம் எனவும் பெயர் பெற்ற துறைமுக நகர். பாளி நூல்கள் அதனை மகாதித்த என்று அழைக்கும்.

வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வழி பறயனாலங்குளத்தையும் முருங்கனையும் கடந்து செல்கின்றது. முருங்கன் பக்கத்திலே கட்டுக்கரைக்குளமும் அதனாற் செழித்த வயல்களும் கண்ணுக்குப் படுகின்றன. மன்னார்த் தீவை அடையுமுன் வடபுறமாகப் பிரியும் பாதை திருக்கேதீச்சரத்திற்குக் கொண்டு சேர்க்கும். 2022 இல் கருங்கற்றிருப்பணி நிறைவுற்றுக் குடமுழுக்குக் கண்ட திருக்கோயிலையும் பாலாவித் தீர்த்தத்தையும் தரிசிக்க வருவோர் மிகப் பலர். அவர்களுள் கைத்தொலைபேசியிலே படம் எடாதவர் அரியர். எனினும் அப்படங்களிற் காணப்படுவன கோபுரமும் தீர்த்தக்கரையுமே. கோயிலைச் சூழ்ந்து புதரும் முள்ளும் மூடியிருக்கும் மேட்டுநிலத்தையும் அதனை வளைத்துச் செல்லும் பள்ளத்தையும் எவரும் படமாக்குவதில்லை. அம்மேடே நகரம்; அப்பள்ளமே அதன் அகழி. வானிலிருந்து எடுக்கப்பட்ட படங்களில் அவ்வகழி குதிரை லாடத்தின் வடிவிலே இரட்டை வளையமாகத் தெளிவுறத் தோன்றுகின்றது. தரையில் நிற்பவனுக்கோ அது மாடு மேயும் தாழ்நிலமாக மட்டுமே தெரியும். ஒரு நகரத்தின் உருவை அதன்மேல் நடப்பவன் அறியாதிருக்க, வானிலிருந்து எடுத்த படம் அறிவிக்கின்றமை எண்ணற்பாலது.

இவ்விடத்தில் அங்காடி தோன்றியமைக்குக் காரணம் கடலின் அமைப்பேயாம். இராமர் அணை எனப்படும் மணற்றிட்டுத் தொடர் பாக்கு நீரிணையையும் மன்னார்க் குடாவையும் பிரித்து நிற்பதால், ஆழம் வேண்டும் பெருங்கலங்கள் அதனைக் கடத்தல் இயலாது. மேற்கேயிருந்து வந்த சரக்கும் கிழக்கேயிருந்து வந்த சரக்கும் இறக்கப்பட்டுக் கைமாறுதற்கு அணையின் அருகே ஓரிடம் வேண்டியிருந்தது. மாதோட்டம் அத்தேவையை நிறைவேற்றியது. அன்றியும் அருவியாறு அநுராதபுரத்திலிருந்து இப்பக்கமாகவே கடலை அடைகின்றமையால், ஈழத்தின் பழைய தலைநகருக்கு இஃது இயற்கையான வாயிலாகவும் அமைந்தது. விசயனுக்கு மணமகளாகப் பாண்டி நாட்டு அரசகுமாரியும் அவளோடு பதினெண் வகைத் தொழிலாளரும் வந்து இறங்கிய துறை இதுவே என மகாவம்சம் கூறும். கதையின் உண்மை எவ்வாறாயினும், அந்நூல் எழுந்த காலத்திலே கடல் கடந்து வருவோர் இறங்கும் இடமென்றால் மாதோட்டமே நினைவுக்கு வந்தது என்பது துணிபு.

கி. பி. 6 ஆம் நூற்றாண்டினரான கொஸ்மாஸ் என்னும் கிரேக்க வணிகத் துறவி இத்தீவைப் பற்றி எழுதுமிடத்து, பாரசீகத்திலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் கப்பல்கள் இங்கே வந்து கூடுவதையும், துறைமுகமும் வாணிகத்தலமும் ஓர் அரசனின் ஆட்சியில் இருந்ததையும் குறித்துள்ளார். அவ்வாணிகத்தலம் மாதோட்டமாதல் வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அடுத்து வந்த நூற்றாண்டுகளில் ஞானசம்பந்தரும் சுந்தரரும் கேதீச்சரத்தைப் பாடினர். சுந்தரர் பதிகம் கலங்கள் மிக்க கடலையுடைய நகராக மாதோட்டத்தைப் போற்றுகின்றது. பத்தியுரையாயினும் அது வரலாற்றுச் சான்றுமாகும்.

கடல் கடந்து வந்த பொருள்களைப் பேசுவோர், நகருக்குச் சோறிட்ட நிலத்தை மறந்துவிடுகின்றனர். கட்டுக்கரைக்குளத்து நெல்லின்றி அத்தனை வணிகரும் மீகாமரும் அங்கே உயிர்வாழ்ந்திருத்தல் இயலாது. வன்னிக் காட்டின் தேனும் மெழுகும் தந்தமும் யானையும், மன்னார்க் கடலின் முத்துமே பிறநாட்டாரை ஈர்த்த பொருள்கள். பிற்காலத்தில் வன்னியர்கள் ஒல்லாந்தருக்கு யானைகளையே திறையாகக் கொடுத்தனர்; ஆனையிறவு என்னும் பெயரும் அவ்வாணிகத்தின் சுவடேயாகும். வன்னி அங்காடியின் ஓரத்து நிலமன்று. அதன் களஞ்சியமே என்று கொள்வது தகும்.

மாதோட்டத்து அங்காடியைப் பற்றிய மிக அருமையான சான்று சோழர் காலத்துக் கல்வெட்டுகளிற் கிடைக்கின்றது. முதலாம் இராசராசன் 10 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஈழத்தின் வடபகுதியைக் கைப்பற்றியபின் மாதோட்டம் இராசராசபுரம் என்று பெயர் பெற்றது. தாழி குமரன் என்னும் சோழநாட்டு அதிகாரி அங்கே இராசராச ஈச்சரம் என்னும் கோயிலை எடுத்து, வைகாசி விசாகத் திருவிழாவுக்கும் பிற பணிகளுக்கும் நிவந்தம் அமைத்தான். அக்கல்வெட்டிலே பெருந்தெருவின் பெயரும் வீடுகளும் தறிகளும் குறிக்கப்படுகின்றன. மற்றொரு கல்வெட்டு மாதோட்டத்துத் திருவிராமீச்சரத்திற்குரியது. அதிலே மூவகை வணிகர் கூறப்படுகின்றனர்: எண்ணெய் வாணிகராகிய சங்கரபாடியார், வெற்றிலை வாணிகர், வாழைக்காய் வாணிகர் என்போர்.

இம்மூவரும் கல்வெட்டில் இடம்பெற்றமைக்குரிய காரணம் அறியத்தக்கது. சோழர் காலத்துக் கோயில்களிற் கொடையாளர் தந்த காசு பெட்டியிற் பூட்டி வைக்கப்படவில்லை. அது நம்பிக்கைக்குரிய வணிகக் கூட்டத்தாரிடம் முதலாக ஒப்படைக்கப்பட்டது. முதல் குறையாது நிற்க, அதன் பொலிசையாக அவர்கள் தத்தம் சரக்கையே கோயிலுக்கு அளந்து வந்தனர். எண்ணெய் வாணிகர் விளக்குக்கு எண்ணெயும், வெற்றிலை வாணிகர் அடைக்காயமுதுக்கு இலையும், வாழைக்காய் வாணிகர் அமுதுக்குக் காயும் இறுத்தல் அம்முறையாகும். அரசர் மாறினும் கடை நடக்கும் என்ற உறுதி இல்லாதவிடத்து எவனும் காசை அவ்வாறு விட்டுவைக்கமாட்டான். மாதோட்டத்து வெற்றிலைக் கடைக்காரன், இக்காலத்து வங்கிக்கு உள்ள நம்பிக்கையைத் தன் ஊரிலே பெற்றிருந்தான். அரேபியக் கப்பல் வந்தது, சீனக் கலம் வந்தது என்று நூலாசிரியர் வியக்கும் வியப்பில் ஒரு பங்கேனும் இவனுக்கு உரியது.

நிலத்தை அகழ்ந்தோரின் முயற்சியும் நெடியது. 1887 இல் போக் என்னும் ஆங்கில அதிகாரி திருக்கேதீச்சரத்தையும் மாதோட்டத்தையும் பற்றி ஆராய்ந்து எழுதினார். இருபதாம் நூற்றாண்டிலும் தொல்லியற் றிணைக்களத்தார் இடையிடையே தோண்டினர். ஆயினும் முறையான பேரகழ்வு 1980 இலேயே ஜோன் கார்ஸ்வெல் தலைமையிலே தொடங்கி, 1984 இல் நாட்டிலே மூண்ட போரினால் நின்றுபோயிற்று. அதன் முடிவுகள் நூலுருப் பெற்றது 2013 இலேதான். சீனத்துப் பீங்கான், மேற்காசியாவின் மெருகிட்ட மட்கலம், இந்தியப் பானையோடு என உலகின் பல கரைகளும் ஒரே குழியில் அடுக்கடுக்காகக் கிடந்தன. 2009, 2010 ஆம் ஆண்டுகளில் மீண்டும் அகழ்ந்தபோது மண்ணைச் சலித்தும் நீரில் மிதக்கவிட்டும் கரிந்த தானியங்களைச் சேகரித்தனர். நெல்லோடு மிளகும் ஒரே ஒரு கிராம்பும் அகப்பட்டன. 2018 இல் வெளியான ஆய்வு, மிளகு கி. பி. 600 க்கும் 700 க்கும் இடைப்பட்டதென்றும், கிராம்பு கி. பி. 900 க்கும் 1100 க்கும் இடைப்பட்டதென்றும் கணித்தது. கிராம்பு அந்நாளில் விளைந்த இடம் கிழக்கே மிகத் தொலைவிலுள்ள மொலுக்காத் தீவுகள். அங்கிருந்து வந்து, யாரோ ஒருவருடைய அடுப்பிலோ கடையிலோ கரிந்து, ஆயிரம் ஆண்டு மண்ணுக்குள் இருந்த அப்பூமொட்டு ஒன்றே அங்காடியின் பரப்பை அளந்து காட்டப் போதும்.

அகழ்வாராய்ச்சியில் நிழற்படம் பெறும் இடம் தனியானது. குழி தோண்டுதல் என்பது ஒருமுறையே வாசிக்கக்கூடிய ஏட்டைப் படித்துக்கொண்டே கிழித்தெறிதல் போல்வது. மேலடுக்கை அகற்றாமற் கீழடுக்கைக் காண இயலாது. அகற்றியபின் மேலடுக்கு இல்லை. ஆதலால் ஒவ்வோர் அடுக்கையும் படமெடுக்குமுன் குழியின் ஓரத்தைச் சீவித் துப்புரவாக்கி, அளவுகோலும் வடதிசை காட்டும் குறியும் வைத்து, குழியின் எண்ணும் நாளும் எழுதிய பலகையையும் நிறுத்துவர். அழகு கருதாத அப்படங்களே பின்வருவோர்க்கு நகரமாக நிற்கின்றன. அகழ்வு நின்று நூல் வெளிவரும்வரை கழிந்த 29 ஆண்டுகளிலே போர் அந்நிலத்தின் மேலே பலமுறை நடந்தது, மக்கள் இடம்பெயர்ந்தனர், கோயிலைச் சூழ்ந்திருந்த மடங்கள் பல அழிந்தன. குறிப்பும் படமும் இல்லாதிருப்பின் குழியிலே கண்டது கண்டவரோடு போயிருக்கும்.

இவ்விடத்தில் வன்னியின் அண்மைக்கால அங்காடிகளையும் கருதுதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஸ்கீன், பிளாற்றே முதலிய கொழும்பு நிழற்பட நிலையத்தார் புறக்கோட்டைத் தெருக்களையும் தேயிலைத் தோட்டங்களையும் அநுராதபுரத்து இடிபாடுகளையும் படமாக்கி விற்றனர். வாங்குவோர் வெளிநாட்டுப் பிரயாணிகள். அவர்கள் செல்லாத வன்னிக் கடைத்தெருவைப் படமெடுத்தால் வாங்க ஆளில்லை. 1930 களிலே குடியேற்றத் திட்டத்தோடு வளர்ந்த கிளிநொச்சியில், நெல் மூடைகளும் மாட்டுவண்டிகளும் நிறைந்த சந்தையை அறிந்த முதியோர் இன்னும் உளர். அச்சந்தையின் படம் எத்தனை வீடுகளில் உண்டு? 1996 இல் நகரம் வெறுமையாயிற்று. 1998 இலும் 2009 சனவரியிலும் மீண்டும் போர்க்களமாயிற்று. 2008, 2009 ஆம் ஆண்டுகளிலே கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால்வரை நகர்ந்த குடும்பங்கள் அரிசியையும் பிள்ளைகளையுமே சுமந்தன. திருமண அல்பங்கள் வழியெங்கும் கிடந்தன. போரின் பின் எழுந்த சந்தையும் 2016 செப்டெம்பரில் தீப்பற்றி, நூற்றுக்கு மேற்பட்ட கடைகள் சாம்பராயின. முல்லைத்தீவுக் கடைத்தெருவை 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை கொண்டது. எஞ்சியதைப் போர் கொண்டது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய மாதோட்டத்து வெற்றிலை வாணிகருக்குக் கல்லிலே சாட்சியிருக்க, 1975 இல் கிளிநொச்சியில் வெற்றிலை விற்றவருக்குக் கடுதாசியிலும் சாட்சியில்லாத நிலை ஏற்பட்டுள்ளது.

கல்லூரிச் சுற்றுலாக்கள் மாந்தைக்குச் செல்லும்போது எடுக்கப்படும் படங்கள் கைத்தொலைபேசி வழியாக அன்றிரவே பல ஊர்களுக்குப் பரவுகின்றன. கனடாவிலிருக்கும் பழைய மாணவரும் அவற்றைப் பார்க்கின்றனர். பரவுதல் வேறு, பேணுதல் வேறு. எடுத்த நாள், நின்ற இடம், நோக்கிய திசை, படத்திலுள்ளோர் யாவர் என்ற நான்கும் இல்லாத படம் பத்தாண்டு சென்றபின் எவ்வூரின் படமென்றே சொல்ல முடியாததாகும். சரித்திரச் சங்கமொன்று ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நின்று அகழியின் கரையையும் அதனருகே எழும் கட்டடங்களையும் படமெடுத்து, அந்நான்கையும் ஓர் இடாப்பிலே பதிந்து கல்லூரி நூலகத்தில் வைத்தல் பெருஞ் செலவான காரியமன்று. அவ்விடாப்பிலேயே வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சந்தைகளுக்கும் பக்கங்கள் ஒதுக்கலாம். இடம்பெயர்வுக்கு முன் வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பப்பட்ட பழைய படங்கள் அங்கே பெட்டிகளில் தப்பிக் கிடத்தல் கூடும். கடிதத்தோடு போன அப்படங்களின் பிரதிகளைக் கேட்டுப் பெறுதற்கு, படத்திலுள்ள முகங்களைப் பெயர்சொல்லி அறியவல்ல முதியோர் உயிரோடிருக்கும் காலமே தக்க காலம்.

தாழி குமரனின் கல்வெட்டு கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது. மாதோட்டத்து மேட்டின் பெரும்பகுதி இன்னும் அகழப்படவில்லை. சிவராத்திரிக்கு வருவோர் திருக்கேதீச்சர வீதியோரத்துத் தற்காலிகக் கடைகளிலே அருச்சனைக்கு வெற்றிலையும் வாழைப்பழமும் விளக்கெண்ணெயும் வாங்கிக்கொண்டு, அம்மேட்டின் மேலாகவே கோயிலுக்கு நடந்து செல்கின்றனர்.