லயத்து வாசலில் நின்றுபோன கம்பி: மலையகத் தோட்டங்களில் அகலப்பட்டைப் போட்டி

இலங்கையில் அகலப்பட்டை இணையம் பரவியதை ஆராய்ந்தவர்கள் நுவரெலியா, ஹட்டன் பக்கம் வந்ததும் பெரும்பாலும் ஒரே முடிவில் வந்து நிற்கிறார்கள்: போட்டி தன் வேலையைச் செய்துவிட்டது, டவர் எழும்பிவிட்டது, இனிக் குறை பயன்படுத்துவோரிடம்தான். இதற்குச் சான்றாகக் காட்டப்படுவது தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணினி எழுத்தறிவு அட்டவணை. நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்று வரிகளில் தோட்ட வரி மிகத் தாழ்ந்து கிடக்கிறது. அந்த எண்ணில் எனக்குச் சந்தேகமில்லை. அதைத் 'தேவையின்மை' என்று வாசிப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஒருவர் தாமாகக் கணினியை இயக்கினால் அவர் கணினி எழுத்தறிவுள்ளவர். ஐந்து வயதுப் பிள்ளை அதில் விளையாடினாலே போதும் என்று திணைக்களமே விளக்குகிறது. இவ்வளவு இளகிய அளவுகோல் அறிவை அளப்பதைவிட, கைக்கெட்டும் தூரத்தில் கணினி இருந்ததா என்பதையே அதிகம் அளக்கிறது. ஒரு குடும்பமே உண்டு உறங்கும் லயக் காம்பராவில் மேசைக் கணினியை எங்கே வைப்பது? திறன்பேசியையும் சேர்த்துக் கணக்கிடும் டிஜிட்டல் எழுத்தறிவில் தோட்ட வரியும் மேலேறுகிறது. நாட்டமே இல்லாதவர்களிடம் அந்த ஏற்றம் எப்படி வந்தது?

இதைவிட முக்கியமானது, அந்த வரியின் எல்லை எப்படி வகுக்கப்பட்டது என்பது. 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும் அங்கேயே குடியிருக்கும் பத்துத் தொழிலாளரும் இருந்தால் அது 'தோட்டம்'. ஆக, வரியைப் பிரிப்பது காணியும் குடியிருப்பும். மக்களின் இயல்பு அல்ல. காணியால் வகுத்த வரியில் ஒரு பள்ளம் தெரிந்தால் முதலில் காணியைத்தானே விசாரிக்க வேண்டும்? 2012 தொகைமதிப்பில் நாட்டு மக்களில் தோட்டத்துறையினர் 4.4 சதவீதம் மட்டுமே என்பதால், தேசியச் சராசரியில் இந்தப் பள்ளம் கண்ணிலேயே படுவதில்லை.

விசாரித்தால் தெரிவது, ஒரே பத்தாண்டில் நடந்த இரண்டு தனியார்மயங்கள். 1992இல் அரசுத் தோட்டங்களின் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. 1997இல் ஸ்ரீலங்கா டெலிகொமின் 35 சதவீதப் பங்கை ஜப்பானின் என்டிடி வாங்கியது. அதற்கு முந்திய ஆண்டிலேயே சன்டெல், லங்கா பெல் இரண்டுக்கும் கம்பியில்லா நிலையத் தொலைபேசி உரிமம் கிடைத்திருந்தது. தொலைத்தொடர்பில் கதவு பலருக்குத் திறந்தது. தோட்டத்திலோ வாசலின் சாவி ஒருவர் கையில் தங்கியது. டவருக்கு மலையுச்சியில் ஒரு துண்டுக் காணியும் ஓர் ஒப்பந்தமும் போதும். கம்பிக்கோ லயம் லயமாகக் கம்பம் நட வேண்டும். குடியிருப்பவருக்கு அங்கே காணி உறுதியும் இல்லை, தனி முகவரியும் இல்லை, கடிதம்கூடத் தோட்ட ஆபீஸுக்குத்தான் வரும். பிரதேச சபையாவது கைகொடுத்திருக்கலாம் என்றால், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும்வரை தோட்டத்துக்குள் சபை செலவழிக்கத் தடையாக இருந்தது. ஆகவே தோட்டத்தில் நடந்த போட்டி சிம்முக்கும் ரீலோடுக்குமான போட்டி. வீட்டு இணைப்புக்கான போட்டி தொடங்கவே இல்லை என்பது என் வாதம். இதை லயக் குடியிருப்புகளுக்கு மட்டுமே சொல்கிறேன். ஹட்டன் நகருக்கோ உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸுக்கோ நீட்டவில்லை.

வறுமைதான் காரணம் என்பார்கள். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு ஆண்டுக்கணக்கில் போராடியவர்களிடம் வறுமை இல்லை என்று யார் சொன்னார்? ஆனால் வறுமை எத்தனை ஜிபி வாங்குகிறார்கள் என்பதை விளக்கும். கம்பம் ஏன் பாதையோரத்திலேயே நின்றது என்பதை விளக்காது. 4ஜி ரவுட்டர் இருக்கிறதே என்ற மறுப்பு கனமானது. மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பள்ளத்தாக்குகளில் மலை மறைக்கும் லயங்களுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே கேள்வி. போதாக்குறைக்கு, 2018இல் ஹட்ச் எடிசலாட்டையும் 2024இல் டயலொக் எயார்டெலையும் சேர்த்துக்கொண்டதால் கைத்தொலைபேசி நிறுவனங்கள் ஐந்திலிருந்து மூன்றாகிவிட்டன.

என் வாசிப்பைச் சோதிக்க வழி உண்டு. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு கட்டி, உறுதியும் கைக்கு வந்த குடும்பங்களை, அதே தோட்டத்தில் அதே சம்பளத்தில் இன்னும் லயத்தில் இருப்பவர்களோடு ஒப்பிட வேண்டும். தேவையின்மை வாதம் சரியானால் வீட்டு இணைப்பில் இரு சாராருக்கும் வேறுபாடு இருக்கக் கூடாது. திணைக்களத்தின் மூன்று வரிகளால் இந்த ஒப்பீட்டைச் செய்ய இயலாது. தனிவீடும் லயமும் அங்கே ஒரே வரிக்குள் அடங்கிவிடுகின்றன.