வினோத சம்பாஷணையும் அதன் வழித்தோன்றல்களும்: சிங்கைத் தமிழர் நட்புப் பேச்சின் வரலாறு

மொழிவரலாறு எழுதப் புகுவோர் கல்வெட்டையும் காப்பியத்தையும் இலக்கண நூலையுமே பெரிதும் நாடுவர். நண்பர் இருவர் எதிர்ப்பட்டு, "பசியாறியாச்சா?" என வினவி, ஒருவரையொருவர் எள்ளி நகையாடி, வீட்டுச் செய்தி நான்கு பகிர்ந்து பிரியும் பேச்சு அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. அது எழுதப்படுவதில்லை, ஆதலின் எஞ்சுவதும் இல்லை. சிங்கப்பூர்த் தமிழின் நிலை இதில் சற்று வேறுபட்டது. இங்குத் தோன்றிய பழைய உரைநடைப் படைப்புகளுள் ஒன்று அரட்டையையே தன் பெயராகவும் வடிவாகவும் கொண்டது. அதற்கு முன் அப்பேச்சு வாழ்ந்த இடத்தைக் காண்போம்.

சைனாடவுன் என இன்று அறியப்படும் பகுதி, பெயரால் சீனருடையதாயினும், தமிழர் தொடக்கத்திலேயே கால்பதித்த இடமாகும். சவுத் பிரிட்ஜ் சாலையில் சூலியா முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய பள்ளிவாசலும், 1827இல் எழுந்த மாரியம்மன் கோயிலும் இன்றும் அருகருகே நிற்கின்றன. கப்பலிலிருந்து இறங்கியவர்க்கு வேலையும் உறைவிடமும் அமையும்வரை அக்கோயில் தங்குமிடமாகவும் உதவியது. ஊர்ச் செய்தி கேட்கவும், தன் செய்தி சொல்லவும், புதிதாய் வந்தவனைக் கேலி செய்து பின் அரவணைக்கவும் இதனினும் ஏற்ற இடம் வேறு யாது? ஊருக்கு எழுதும் மடல் 'இங்கு யாவரும் நலம், அங்கு நலமறிய ஆவல்' என்னும் வாய்பாட்டுக்குள் அடங்கிவிடும். வாய்பாட்டுக்கு அடங்காத துயரும் நகையும் நேர்ப்பேச்சுக்கே உரியவை.

அப்பேச்சு அச்சேறியது 1880களில். சி. கு. மகுதூம் சாயபு 1887இல், விக்டோரியா அரசியாரின் பொன்விழா ஆண்டில், 'சிங்கை நேசன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அவ்விதழில் 1888இல் வெளிவந்ததே 'வினோத சம்பாஷணை'. இதனைச் சிங்கப்பூர்த் தமிழ்ப் புனைகதையின் தொடக்கமாக ஆய்வுலகின் முன் வைத்தவர் நா. கோவிந்தசாமி. உரையாடலாக அமைந்த ஒன்றைச் சிறுகதை எனக் கொள்ளலாமா என்பார் உளர். அவ்வழக்கு இலக்கியத் திறனாய்வாளர்க்கு உரியது. நமக்கு அதன் வடிவமே போதும். குடியேறியோர் சமூகமொன்று தன்னைத் தானே பார்த்து நகைக்க விரும்பியபோது, கட்டுரையைவிட உரையாடலே பொருந்துமென ஓர் இதழாசிரியர் கண்டார். இது தற்செயலன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்து, அதன் நிலைக்களன்களுள்ளும் எள்ளலையே முன்னிறுத்துகிறார். (வகுப்பறையில் எள்ளலை அடக்குவதே கடமையாகக் கொண்ட ஆசிரியர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.)

மாலினோவ்ஸ்கி என்னும் மானிடவியலாளர் 1923இல், செய்தி தெரிவித்தலன்றி உறவு பேணுதலையே நோக்கமாகக் கொண்ட பேச்சுக்குத் தனிப் பெயர் சூட்டினார். "எங்கே கிளம்பிட்டீங்க?" என்பாரிடம் நாம் பயண விவரம் கூறுவதில்லை. "சும்மா, இப்படி" என்பதே நிறைவான விடையாகும். இத்தகைய பேச்சிலேதான் மண்ணின் சொற்கள் தங்குகின்றன. காலையுணவைக் குறிக்கும் 'பசியாறுதல்', மலாயிலிருந்து வந்து 'ஊர்' என்னும் பொருளில் நிலைத்த 'கம்பம்', இரப்பரைக் குறிக்கும் 'கித்தா' ஆகியன பாடநூல் தந்தவை அல்ல. திண்ணையும் தேநீர்க்கடையும் தந்தவை.

கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' 1950களில் மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியால் இளையோரை எழுத்தின்வழி ஒன்றிணைத்தது. நேரில் காணாதவரிடையே தமிழால் நட்பு மலர இயலும் என்பதற்கு அது ஒரு முன்னோட்டம்.

அடுத்த திருப்பமும் நா. கோவிந்தசாமியோடே தொடர்புடையது. 1888ஆம் ஆண்டுச் சம்பாஷணையைத் தேடியெடுத்த அதே கைதான், ஒரு நூற்றாண்டுக்குப் பின் தமிழைக் கணினிக்குள் கொண்டுசென்றது. சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் 1995 அக்டோபரில் இணையத்தில் வெளியிடப்பட்டபோது, அங்குத் தமிழ் எழுத்துருவில் தோன்றியதில் அவர் பங்கு பெரிது. கணியன் என்னும் மென்பொருளும், 1997 மே மாதம் சிங்கப்பூரில் கூடிய முதல் தமிழ் இணைய மாநாடும் அவர் உழைப்பைச் சொல்வன. 1999இல் அவர் மறைந்தார்.

தமிழ் எழுத்துரு அமைந்த பின்னரும் நண்பர்கள் உரோம எழுத்திலேயே மின்மடலும் குறுஞ்செய்தியும் எழுதிவந்தனர்; இன்றும் பலர் எழுதுகின்றனர். இதனைச் சிதைவெனக் கடிவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. தமிழ் எழுத்தைத் தொட்டவுடன் நம் கை 'வந்துவிட்டேன்' என எழுதப் பழகியுள்ளது. பள்ளி தந்த பழக்கம் அது. உரோம எழுத்துக்கு அப்பள்ளி இல்லை. ஆதலின் அங்கு 'வந்துட்டேன்' என்பது தயக்கமின்றிப் பதிவாகிறது. குறில் நெடிலும் லகர ளகரமும் அவ்வெழுத்தில் மயங்குவது உண்மையே. எனினும் பேச்சின் உருவத்தை, குறிப்பாக வினைமுற்றுகளை, அஃது எழுத்துத் தமிழினும் நேர்மையாகக் காட்டுகிறது. இரட்டை வழக்குடைய மொழியை ஆராய்வோர்க்கு இது பெருஞ்செல்வம்.

இச்செல்வத்தின் இருப்புக் குறைந்துவருகிறது என்பதே நம் கவலை. வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசும் சிங்கப்பூர் இந்தியர் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 42.9 விழுக்காட்டினர், 2020இல் 29.2 விழுக்காட்டினர். தேர்வுத் தாளில் நல்ல தமிழ் எழுதும் மாணவர், இடைவேளை மணி அடித்ததும் ஆங்கிலத்தில் கேலி பேசுவதை ஆசிரியர் நன்கறிவர். 2005இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்தது. அது சரியான முடிவே என்பது நம் துணிபு. ஆயினும் பேச்சுத்தமிழ் மதிப்பெண்ணுக்குரிய பாடமாக மட்டும் நின்றுவிட்டால், அதில் எவரும் நகையாடப் போவதில்லை.

சிங்கைத் தமிழ் இலக்கியத்தின் ஐம்பதாண்டு விளைவு, மின்மரபுடைமைத் திட்டத்தால் 2015இல் தொகுத்து மின்வடிவாக்கப்பட்டது. அரும்பணி அது. நூலாக வெளிவந்தவற்றைத் தொகுப்பதே அதன் எல்லையாதலின், நட்புப் பேச்சு அதனுள் அடங்கவில்லை. 'சிங்கை நேசன்' தாளில் அச்சேறியமையால் 1888ஆம் ஆண்டின் சம்பாஷணை நமக்கு எட்டியது. சென்ற தீபாவளியன்று நண்பர் குழுவொன்றில் பரிமாறப்பட்ட கேலியோ, கைப்பேசியை மாற்றிய அன்றே அழிந்திருக்கும்.