மூன்று அமாவாசையும் ஓபி சீட்டும்

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு அமாவாசையன்று சென்று, திருக்குளத்தின் படிக்கட்டில் ஒரு நாழிகை நின்று பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவை விட்டு அகலாது. கடையில் வாங்கிய வெல்லக்கட்டியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஜனங்கள் இறங்குகிறார்கள். கண்ணை மூடி ஏதோ முணுமுணுக்கிறார்கள். வெல்லத்தை நீரில் விடுகிறார்கள். அது உடனே கரைந்துவிடுவதில்லை. அடிப்படியில் சற்று நேரம் பழுப்பாகக் கிடந்து, ஓரங்கள் மழுங்கி, சுற்றியுள்ள நீர் தேன் நிறமாகி, அதன் பிறகே இல்லாமற்போகிறது. வெல்லம் கரைவதுபோல் நோய் கரையும் என்பது நம்பிக்கை. மூன்று அமாவாசை வந்து கரைப்பதாக வேண்டிக்கொள்வது தொண்டைமண்டலத்து ஜனங்களின் பரம்பரை வழக்கம்.

சாலிஹோத்ர மகரிஷியின் குடிலுக்கு முதியவர் வடிவில் வந்த பெருமாள், படுக்க எவ்வுள் என்று கேட்டதாலேயே இவ்வூருக்குத் திருஎவ்வுள் என்று பெயர் வந்ததென்பது ஸ்தலபுராணம். நம் தேசத்து அசுவ வைத்திய சாஸ்திரத்திற்கும் சாலிஹோத்ரம் என்றே பெயர் வழங்குவதால், வைத்திய ஸ்தலத்தின் ரிஷிக்கு அப்பெயர் அமைந்திருப்பது எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது. திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த இந்தப் பெருமாளை ஜனங்கள் வைத்திய வீரராகவர் என்றே அழைக்கிறார்கள்; வடலூர் இராமலிங்க அடிகளும் இவரைப் பாடியிருக்கிறார். தோல்நோய்க்காரர்கள் உப்பும் மிளகும் கொண்டுவந்து சேர்ப்பார்கள். திருக்குளத்தின் பெயரோ ஹ்ருத்தாபநாசினி, அதாவது இருதயத்தின் தாபத்தை அழிப்பது. உடலின் நோயைச் சொல்லாமல் உள்ளத்தின் வெப்பத்தைச் சொல்லி ஒரு தீர்த்தத்திற்குப் பெயரிட்டவர்களுக்கு மனிதத் துன்பத்தைப் பற்றி ஆழ்ந்த அனுபவம் இருந்திருக்க வேண்டும். 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, சென்னைப் பட்டணத்தின் தாபங்களெல்லாம் இந்தப் படிக்கட்டுக்கு வந்து சேருவது எளிதாயிற்று.

இந்த வழக்கத்தில் என் மனத்தைக் கவர்ந்தது அதன் கணக்கு. மூன்று அமாவாசை, அதற்குமேல் பிரார்த்தனை பூர்த்தி. திருச்சிராப்பள்ளிக்கு அருகில் உள்ள குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி சந்நிதியில் சித்தப்பிரமை கொண்டவர்களை 48 நாள் தங்கவைத்து, உச்சிக்காலத்திலும் இரவிலும் முகத்தில் தீர்த்தம் தெளிக்கும் சம்பிரதாயத்திலும் அப்படியே ஒரு மண்டலம் என்ற எல்லை இருக்கிறது. உளநோயைக் 'கிரிகை' என்று பெயரிட்டு 18 வகையாகப் பிரித்த சித்த வைத்தியம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. மருந்து உண்ணும் காலத்துப் பத்தியத்தோடு அது நிற்கவில்லை. மருந்தை நிறுத்திய பிறகும் சில நாள் காக்கவேண்டிய மறுபத்தியத்தையும் விதித்தது. சிகிச்சையைத் தொடங்குவதற்கு முறை இருப்பதுபோல் அதை விடுவதற்கும் ஒரு முறை உண்டு என்று, 'மறுபத்தியம்' என்ற ஒரே சொல்லில் நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள்.

ஆங்கில வைத்தியத்தின் வழியாக இங்கே வந்த மனநோய்ச் சிகிச்சையின் சரித்திரம் வேறு வழியில் சென்றது. கம்பெனி வைத்தியரான வாலன்டைன் கானலி 1794இல் புரசைவாக்கத்தில் ஒரு வீட்டைப் பித்தர் காப்பகமாக நடத்தத் தொடங்கினார். 1871இல் கீழ்ப்பாக்கத்து லோகாக் தோட்டத்தில் சர்க்காரின் பைத்தியக்கார ஆஸ்பத்திரி 145 நோயாளிகளோடு எழுந்தது. 1922இல் அதன் பெயர் அரசாங்க மனநோய் மருத்துவமனை என்று மாறிற்று. பெயர் எத்தனை முறை மாறினாலும், 1912ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளே கொண்டுபோக மாஜிஸ்டிரேட்டின் உத்தரவு தேவைப்பட்டது. வெளியே விடுவதற்கோ, ஒரு மருத்துவ அதிகாரி உட்பட மூன்று பார்வையாளர்கள் எழுத்தில் உத்தரவிட வேண்டியிருந்தது. அப்படி உள்ளே கொண்டுபோகப்பட்ட அந்தக் காலத்து நோயாளி எவரும், 'எனக்குக் குணமாகிவிட்டது, இனி இந்த வைத்தியரிடம் வரட்டுமா, வேண்டாமா' என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டிருக்க வழியில்லை. வருவதும் அவர் கையில் இல்லை. நிற்பதும் அவர் கையில் இல்லை. ஆகையால் இன்று எத்தனையோ வீடுகளில் மெல்லிய குரலில் எழும் அந்தக் கேள்வி மிகவும் இளைய கேள்வி என்பதை நாம் மறக்கலாகாது.

அந்தக் கேள்வியைப் பிறப்பித்தவை மாத்திரைகள். நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட சர்ப்பகந்தா வேரைப் பற்றிக் கல்கத்தாவில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் 1931இல் எழுதினார்கள். அதிலிருந்து ரெசர்பின் 1952இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் பாரிஸில் குளோர்ப்ரோமசின் மனநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டே சிகிச்சை செய்யலாம் என்ற நிலை அதன் பிறகுதான் உண்டாயிற்று. 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கத்தின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் எம். சாரதா மேனனின் காலத்தில், பூட்டிய வார்டுகளுக்கு வெளியேயும் வைத்தியம் உண்டு என்பது நிலைபெற்றது. 1984இல் அவர் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் ஸ்தாபனத்தையும் நிறுவினார். ஓபி சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தானே நடந்துவரும் நோயாளி, சரித்திரத்தில் புதிய மனிதர். தானே நடந்துவந்தவரால் தானே நின்றுவிடவும் முடியும்.

அவர் நின்றுவிடத் துடிப்பதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டு ஊர்களில் 'கீழ்ப்பாக்கம்' என்ற சொல் ஒரு வசையாகிவிட்டது. கல்யாணப் பேச்சில் அந்தச் சொல் விழுந்தால் சம்பந்தம் முறியும். கோயிலுக்குப் போய்வந்ததை ஊரார் முன் சொல்லலாம். மனநல மருத்துவரிடம் போய்வந்ததை உடன்பிறந்தவரிடமும் சொல்லக் கூசுகிறார்கள். ஆகவே வேறு ஏதேனும் ஒன்று, அது பிரார்த்தனையோ யோகமோ சித்த மருந்தோ ஆறுதலான பேச்சோ, சிறிது சுகம் தந்த மாத்திரத்தில் முதலில் கைவிடப்படுவது அந்த ஓபி சீட்டுதான். எது குணமாக்கியது என்று நிதானமாக விசாரிக்க யாருக்கும் பொறுமையில்லை. அவமானத்திலிருந்து விடுபட்டால் போதும்.

வேறு சிகிச்சையால் மனநல வைத்தியரே தேவையற்றுப்போன உதாரணங்கள் சரித்திரத்தில் இல்லாமலில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பெல்லாக்ரா என்ற போஷாக்குக் குறைவால் புத்தி தடுமாறிப் பித்தர் விடுதிகளில் கிடந்தவர்கள் அமெரிக்காவின் தென் மாகாணங்களில் ஏராளம். 1937இல் நிகோடினிக் அமிலம் அதற்கு மருந்தென்று தெரிந்தபின், சில நாட்களிலேயே தெளிவு பெற்று அவர்கள் வீடு திரும்பினார்கள். குன்னூரில் வளர்ந்து ஹைதராபாத்துக்கு இடம் மாறிய நம் ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்தில், டாக்டர் சி. கோபாலனும் டாக்டர் ஸ்ரீகண்டியாவும் சோளத்தையே உண்டு வாழும் தக்காணத்து ஏழைகளிடம் அதே நோயை 1960இல் எடுத்துக்காட்டினார்கள். தைராய்டு குறைவும் பி12 குறைவும் மனச்சோர்வின் வேஷத்தில் வருவதை இன்றும் காண்கிறோம். வேர் வேறிடத்தில் இருந்து, அந்த வேர் பிடுங்கப்பட்டால், மனநல வைத்தியரை விட்டு விலகுவதே முறை. ஆனால் வேர் எங்கே என்று ரத்தப் பரிசோதனை பார்த்துச் சொல்லவும் ஒரு வைத்தியர்தாம் வேண்டும்.

கோயிலின் பங்கை அலட்சியமாக ஒதுக்குவதும் தவறு. தமிழ்நாட்டு முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கி வழிபட்ட 31 மனநோயாளிகளை டாக்டர் ரகுராமும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார்கள். மருந்தின்றியே நோயின் அளவு ஏறக்குறைய 20 சதவிகிதம் குறைந்திருந்தது. அடைக்கலமும் அன்பும் பொழுதைப் போக்க ஒரு வேலையும் மனிதனைத் தேற்றுகின்றன என்பதற்கு அது சாட்சி. இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்த ஆராய்ச்சி அச்சாவதற்கு முந்திய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில், இராமநாதபுரத்து ஏர்வாடியில் தர்காவை அடுத்த ஓலைக் கொட்டகை ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 நோயாளிகள் உயிரிழந்தார்கள். பிற்பாடு தர்காவிலேயே மருந்தும் பிரார்த்தனையும் ஒருசேரக் கிடைக்க ஏற்பாடாயிற்று; குணசீலத்திலும் உரிமம் பெற்ற மறுவாழ்வு இல்லம் நடைபெறுகிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்ததோடு, தாமாக விரும்பி மருத்துவமனையில் சேர்ந்தவர் தாமாக விரும்பி வெளியேறும் உரிமையையும் எழுத்தில் கொடுத்தது. 1912இல் மூன்று பார்வையாளர்களிடம் இருந்த அதிகாரம் நோயாளியின் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதை எப்படி உபயோகிப்பது என்பதற்கு மறுபத்தியத்தைப் போன்ற ஒரு சம்பிரதாயம் நம் குடும்பங்களில் இன்னும் உண்டாகவில்லை.

என் சின்னம்மாவின் மகன் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையொன்றில் வேலை செய்கிறான். இரவு ஷிப்டும் பகல் ஷிப்டும் வாரந்தோறும் மாறிவரும் வேலை. ஒரு கோடையில் அவன் நாலைந்து நாள் தூங்காமல், ஓயாமல் பேசி, கடன் வாங்கி ஊராருக்கெல்லாம் வாரியிறைத்தபோது, மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனோம். அவர் லித்தியம் கொடுத்தார். அதுவும் ஒருவகை உப்புதான், ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதென்று அடிக்கடி பார்க்கவேண்டிய உப்பு என்று அவர் விளக்கியபோது, வீரராகவருக்கு உப்பு கொண்டுபோகும் எங்கள் குடும்பத்திற்கு அது உடனே மனத்தில் பதிந்தது. அவனும் மூன்று அமாவாசை வேண்டிக்கொண்டான். கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, அரக்கோணம் வண்டிக்கு மாறி, ஒருமுறைகூடத் தவறாமல் வந்தான். மூன்றாம் அமாவாசையன்று வெல்லம் கரைந்து முடிந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னான்: "அண்ணா, பெருமாள் பாத்துக்கினாரு. இனிமே டாக்டரு எதுக்கு?"

அவன் முகத்தில் அப்போது இருந்த ஒளியைப் பார்த்து நான் மறுத்துப் பேசவில்லை. அந்த மௌனத்திற்காக இன்றளவும் வருந்துகிறேன். மாத்திரையை ஒரே நாளில் விட்டான், இரவு ஷிப்ட் முறை வந்தது, தூக்கம் போயிற்று, நோய் முன்னிலும் வேகமாகத் திரும்பிற்று. லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் இப்படி நேர்வது வைத்திய உலகம் நன்கறிந்த விஷயம். மனச்சோர்வுக்கான மாத்திரைகளைச் சட்டென்று விட்டாலும் தலைசுற்றலும் மின்சாரம் தொட்டதுபோன்ற அதிர்வும் உண்டாவதால், அவற்றை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைக்கிறார்கள். குனிந்த தலையோடு திரும்பிவந்தவனை வைத்தியர் கடிந்துகொள்ளவில்லை. "கோயிலுக்குப் போறத விடாதீங்க. என்னை விடணும்னா மட்டும் எங்கிட்ட சொல்லிட்டு விடுங்க, ரெண்டு பேருமா சேந்து விடுவோம்" என்றார். இரவு ஷிப்ட் வேண்டாமென்று ஆலைக்கு ஒரு கடிதமும் எழுதிக்கொடுத்தார். அவன் இன்னும் லித்தியம் சாப்பிடுகிறான். மாதம் ஒருமுறை போய்வந்தவன் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறான்.

சின்னம்மாவின் கதை வேறு. சித்தப்பா காலமான பிறகு அவள் சோறு தண்ணீர் வேண்டாமென்று சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். அதே வைத்தியரிடம் போனாள். மாத்திரையோடு, தெருப் பெண்களின் பஜனையும், மகன் வீட்டுப் பேரக்குழந்தையும், விடியற்காலை நடையும் அவளை எழுப்பி நிறுத்தின. நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் முக்கால் வருஷம் மாத்திரையைத் தொடரச் சொன்னார். பிறகு அரை, அதிலும் பாதி, ஒன்றுவிட்டு ஒருநாள் என்று குறைத்துக்கொண்டே வந்து, மூன்று விஷயத்தைக் கவனிக்கச் சொன்னார்: தூக்கம், பசி, காலையில் எழுந்திருக்க மனம். இவற்றில் ஏதாவது ஒன்று இரண்டு வாரம் கெட்டால் வரவேண்டும், இல்லாவிட்டால் வரவேண்டியதில்லை. சீட்டின் அடியில் தேதி போடவேண்டிய இடத்தில் 'தேவைப்பட்டால்' என்று மட்டும் எழுதினார்.

சின்னம்மா எழுந்து, எந்த வீட்டை விட்டுப் புறப்படும்போதும் சொல்வதுபோல, "போயிட்டு வரேன்" என்றாள். சொல்லிவிட்டு, சொன்னது சரிதானா என்று ஒரு கணம் தயங்கி நின்றாள். வைத்தியர் தலையசைத்தார்.

அடுத்த அமாவாசைக்குத் தாயும் மகனும் ஒன்றாகவே வந்தார்கள். அந்தச் சீட்டை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வெற்றிலையோடு வைத்திருந்தாள் அவள். அவன் சட்டைப்பையில் மாத்திரை அட்டை இருந்தது. இருவரும் ஒரே கட்டியை இரண்டாக உடைத்து, ஒரே படியில் நின்று நீரில் விட்டார்கள். அவள் பாதி சின்னது, முதலில் கரைந்தது.